மௌனமாகக் கருதலாமா?

ஹார்ட் டிஸ்க் செத்துப்போய் எதையாவது இழந்தவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கும். பழி போட அவர்களுக்கு ஒரு பொருள் இருக்கிறது. என் வீட்டில் உள்ள டிஸ்க்குகள் எல்லாம் திடகாத்திரமாக இருக்கின்றன. பேக்கப் எடுக்காத சோம்பேறி என்றும் யாரும் என்னைச் சொல்லிவிட முடியாது. எடுத்தேன். ஒன்றுக்கு இரண்டாக, ஒரு பைட் பிசகாமல் எடுத்தேன். போனதெல்லாம் அதனால்தான் போயிற்று.

போனது என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு ரேடியோக் கச்சேரிகளை கேசட்டில் பிடித்து வைக்கும் பழக்கம். சனிக்கிழமை இரவு ஆகாசவாணியின் தேசிய நிகழ்ச்சி என்றால் மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டில் யாரும் தும்மக்கூடாது. ஒயர் போட்டு ரேடியோவிலிருந்து நேராகப் பிடிக்கும் வித்தை அப்பாவுக்குத் தெரியாது. ரேடியோவுக்கு எதிரே டேப் ரெக்கார்டரை உட்கார வைத்துவிடுவார். அதனால் தோடி ஆலாபனையோடு பாட்டியின் இருமலும், அடுக்களையில் பாத்திரம் உருளுவதும், “அந்த ஃபேனை நிறுத்துங்கடா” என்ற அப்பாவின் அதட்டலும் சேர்ந்தே பதிவாயின. தோடி எங்கேயாவது கிடைக்கும். பாட்டியின் இருமலுக்கு எங்கள் ட்ரங்குப் பெட்டியை விட்டால் வேறு இடம் கிடையாது.

அதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள். டேப் ரெக்கார்டரின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஒரு ஒயர். 90 நிமிஷக் கேசட்டை ஏற்ற 90 நிமிஷம் ஆகும். குறுக்கு வழி இல்லை. ஒவ்வொன்றும் முடிந்ததும் ‘சேவ்’ அழுத்தி, தேதி, பாடகர், பக்கவாத்தியம் எல்லாம் போட்டு அழகாகப் பெயர் வைத்தேன். ஏற்றி முடித்த கையோடு, 2014 போகிக்கு முந்தின நாள், கேசட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டேன். ‘இதையெல்லாம் எடுக்கிறதில்ல சார்’ என்றார் அவர். நான்தான் வற்புறுத்திக் கொடுத்தேன்.

எடைக்குப் போட்டது சும்மா இல்லை, சாஸ்திரப்படி பேக்கப் எடுத்துவிட்டுத்தான். பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பிரபலப்படுத்திய 3-2-1 விதியை அப்போது படித்திருந்தேன்: 3 பிரதிகள், 2 வகைச் சாதனங்கள், அவற்றில் 1 வேறொரு இடத்தில். வேறொரு இடம் என்பதற்குச் சென்னை மாநகரம் முழுவதையும் மனத்தில் அலசி, தங்கை வீட்டைத் தேர்ந்தெடுத்தேன். கோட்டூர்புரம், தரைத்தளம், அடையாற்றங்கரை. 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். மறுநாள் ‘தி இந்து’ நாளிதழே சென்னையில் அச்சாக முடியவில்லை என்றால், பீரோவின் கீழ்த்தட்டில் பாண்டி பஜாரில் வாங்கிய உறைக்குள் இருந்த என் டிஸ்க் எம்மாத்திரம்? வெள்ளம் வடிந்து வீட்டைக் கழுவிக்கொண்டிருந்த தங்கையிடம் நான் முதலில் கேட்டது டிஸ்க்கைப் பற்றித்தான். இதை அவள் இன்னும் மறக்கவில்லை.

பிறகும் இரண்டு இருந்தன: கம்ப்யூட்டருக்குள் 500 ஜி.பி., வெளியே ஒன்று. அதோடு நிறுத்தியிருக்கலாம். 2019-இல் கம்ப்யூட்டர் ரொம்ப மந்தமாகிவிட்டது என்று எஸ்.எஸ்.டி. என்ற வேகமான டிஸ்க் வாங்க ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைக்காரர் கேட்ட கேள்வி நியாயமானது: “உள்ள எவ்ளோ டேட்டா சார் இருக்கு?” எல்லாம் கணக்குப் பார்த்தாயிற்று என்று சொல்லி 480 ஜி.பி. ஒன்றை வாங்கி வந்தேன். 500-க்கும் 480-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்பதுதான் அந்தக் கணக்கு.

வித்தியாசம் பழைய டிஸ்க்கைப் புதியதில் அப்படியே படியெடுக்கும்போது, அதாவது க்ளோன் செய்யும்போது தெரியும். பெட்டியில் 500 என்று போட்டிருந்தால் விண்டோஸ் 465 என்று காட்டும். 480-ஐ 447 என்று காட்டும். கடைக்காரர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. நான் பயன்படுத்தியது க்ளோன்ஸில்லா. தைவானின் உயர்திறன் கணினி மையத்தில் உருவான இலவச மென்பொருள், பென்டிரைவிலிருந்து எழுந்து ஓடும். வெறும் எழுத்துகளால் ஆன அந்தத் திரையைப் பார்த்தாலே நாம் ஏதோ இஸ்ரோவில் வேலை செய்கிற மாதிரி இருக்கும். போகும் இடம் வரும் இடத்தைவிடச் சிறியது, முடியாது என்று அது மரியாதையாகச் சொல்லிவிட்டது. 447-க்குள் அடங்கும்படி எதையாவது கழிக்க வேண்டும்.

வீட்டில் எதையாவது கழிப்பது என்றால் எனக்கு உற்சாகம் வந்துவிடும். எது இடத்தை அடைக்கிறது என்று தேடினேன். கச்சேரிக் கோப்புகள் எல்லாம் கே.பி. கணக்கில்தான்; தங்கமானவை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘டேட்டா’ என்று முடியும் ஒரு ஃபோல்டர், அதற்குள் ஃபோல்டர், அதற்குள் ஆயிரக்கணக்கில் இ-யும் பூஜ்யங்களுமாகப் பெயர் கொண்ட குட்டிக் குட்டிக் கோப்புகள். ஒன்றைத் தட்டினேன். எதைக் கொண்டு திறப்பது என்று விண்டோஸ் என்னையே கேட்டது. விண்டோஸுக்கே தெரியாதது எனக்கு எதற்கு? ஷிஃப்டை அழுத்திக்கொண்டு டெலீட். ரீசைக்கிள் பின்னில்கூட விழவில்லை. ஒரு சாயங்காலம் முழுக்க இதைச் செய்தேன், நடுவில் காபி குடித்துக்கொண்டு.

பிறகு பார்ட்டிஷனைச் சுருக்கி, மென்பொருளின் ‘நிபுணர்’ பகுதிக்குள் போய் அளவுச் சோதனையைத் தள்ளிவிட்டு க்ளோனைத் தொடங்கினேன். முதல் இரவு பாதியில் நின்றது. படுக்கப் போகுமுன் வீட்டில் எல்லா ஸ்விட்சையும் அணைக்க வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். என் மனைவி அதைக் கடைப்பிடித்தாள். அடுத்த முறை அவளைக் கெஞ்சி, நல்ல நேரம் பார்த்து ஆரம்பித்தேன். இந்த டிஸ்க்கில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று க்ளோன்ஸில்லா இரண்டு தடவை கேட்கும். இரண்டு தடவையும் ‘ஒய்’ தட்டினேன், தாலி கட்டுகிறவனின் அவசரத்தோடு.

இந்த முறை வெற்றி. அதே ஜோரில் வெளி டிஸ்க்கையும் புதுப்பித்தேன். க்ளோன் என்பது பழையதன் பக்கத்தில் புதியதைக் கொண்டுபோய் வைப்பதல்ல; அங்கே இருப்பதைத் துடைத்துவிட்டு மூலத்தை அச்சு அசலாக எழுதுவது. முடிந்ததும் இரண்டு டிஸ்க்கையும் சேர்த்து மாட்டினால் ஒன்று ‘ஆஃப்லைன்’ என்றது. செத்துவிட்டது என்று பதறி, தங்கை மகனுக்கு போன் செய்தேன். “ரெண்டுக்கும் ஒரே சிக்னேச்சர் மாமா, அதான் விண்டோஸ் ஒண்ணத் தள்ளி வெச்சிருக்கு. அவ்ளோ கச்சிதமா பண்ணியிருக்கீங்க” என்றான். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த தொழில்நுட்பப் பாராட்டு அது ஒன்றுதான். மகிழ்ச்சியில், கழற்றி வைத்திருந்த பழைய 500-ஐ ஃபார்மேட் செய்து, கேம்ஸ் போட்டுக்கொள்ள அவனுக்கே கொடுத்துவிட்டேன்.

உ.வே.சா. கரிவலம்வந்தநல்லூர்க் கோவிலுக்குப் பழைய ஏடு தேடிப் போனார். அவற்றை ஆகமத்தில் சொன்னபடி நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டாயிற்று என்று அங்கே சொன்னார்களாம். தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். பெசன்ட் நகரில் அவர் பெயரால் உள்ள நூலகத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அந்தக் கோவில்காரர்களைத் திட்டியிருக்கிறேன். இப்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போகிறேன். அவர்களாவது நெய் செலவு செய்தார்கள்.

2022-இல் அப்பாவின் திதி. சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருக்க, “அண்ணா, பாட்டி இருமுற அந்தத் தோடியப் போடேன்” என்றாள் தங்கை. பெருமையோடு கோப்பைத் திறந்தேன். ஆடாசிட்டி ஒரு பெட்டியைக் காட்டியது. ஒலித் துண்டுகள் காணவில்லை. காணாமல் போனதை மௌனமாகக் கருதிக்கொள்ளலாமா, அல்லது நிரந்தரமாக மௌனத்தையே நிரப்பிவிடலாமா என்று கேட்டது. இவ்வளவு பண்பாக வேறு யாரும் என்னிடம் துக்கம் விசாரித்ததில்லை. அடுத்த கோப்பு, அதற்கடுத்தது, வெளி டிஸ்க், எல்லாவற்றிலும் அதே கேள்வி. நான் ‘சேவ்’ செய்ததெல்லாம் வெறும் குறிப்பேடு. எந்தத் துண்டுக்குப் பின் எந்தத் துண்டு என்ற பட்டியல்தான் அதில் இருந்தது. ஒலி முழுவதும் அந்த ‘டேட்டா’ ஃபோல்டரில். தனிப் பாட்டாக வேண்டுமென்றால் ‘எக்ஸ்போர்ட்’ என்ற இன்னொரு கட்டளை கொடுத்திருக்க வேண்டும். 2021 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பிலிருந்து எல்லாவற்றையும் ஒரே கோப்பில் அடக்கிவிட்டார்கள். என்னைப் போல் உலகத்தில் இன்னும் நிறையப் பேர் இருந்திருக்க வேண்டும்.

தங்கை மகன் பழைய 500-ஐக் கொண்டுவந்து மீட்பு மென்பொருள் போட்டுப் பார்த்தான். அவனுடைய கிரிக்கெட் கேம்தான் மீண்டது. ஆறுதலுக்கு ஒரு கதை சொன்னான். 1998-இல் பிக்ஸார் நிறுவனத்தில் ‘டாய் ஸ்டோரி 2’ படம் தயாராகிக்கொண்டிருந்தபோது யாரோ கொடுத்த ஒரு கட்டளையில் படம் கண்ணெதிரே அழிய ஆரம்பித்ததாம். பேக்கப்பைத் தேடினால் அது சரியாக வேலை செய்யவே இல்லை. கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநர் கைக்குழந்தைக்காக வீட்டிலிருந்து வேலை செய்துவந்ததால் அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்தது. அதைப் போர்வையில் சுற்றிக் காரில் கொண்டுவந்து படத்தைக் காப்பாற்றினார்கள். “நீங்க யாருக்காவது எப்பவாவது அனுப்பியிருக்கீங்களா மாமா?”

அனுப்பியிருந்தேன். ஏற்றிக்கொண்டிருந்த நாட்களில், பெருமை தாங்காமல், நாலைந்து நிமிஷத் துண்டுகளாக போனில் பிடித்து அடையாறு காந்தி நகரில் இருக்கும் சித்திக்கு வாட்ஸ்ஆப்பில் தள்ளியிருந்தேன். சித்தியைக் கூப்பிட்டுக் கேட்டோம். எல்லாம் அப்படியே இருக்கிறது என்றாள். பழைய போனிலிருந்து புது போனுக்கு மாற்றும்போதும் கடைப் பையன் மொத்தமாகக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். இருமல், பாத்திரம், ஃபேன் எல்லாம் இருக்கிறதாம். “எனக்கு டெலீட் பண்ணத் தெரியாதேடா” என்றாள். பிறகு, நான்தான் வீட்டிலேயே கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்ற நம்பிக்கையோடு, “ஆனா இந்த போன் பத்து நாளா ஸ்டோரேஜ் ஃபுல், ஸ்டோரேஜ் ஃபுல்னு கத்திண்டே இருக்கு. நீ இந்தப் பக்கம் வரச்சே கொஞ்சம் க்ளீன் பண்ணிக் கொடுத்துட்டுப் போயேன்” என்றாள்.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த தங்கை மகன் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு பைக் சாவியைத் தேட ஆரம்பித்திருந்தான்.