எத்தனை பாலம், எத்தனை படி?

மியூனிக்,
புதன் இரவு.

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். பெரியம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாகத் தம்பி சொன்னான். சொட்டு மருந்தை நேரத்துக்குப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். சீரியல் பார்க்க வேண்டாம் என்று சொன்னால் கேட்கப் போவதில்லை. அதனால் அதை நான் சொல்லவில்லை.

"வெனிசுக்குப் போனியாமே, எங்கடா தங்கினே? பஸ் ஸ்டாண்டு பக்கமா?" என்று போனில் கேட்டீர்கள். மதுரைக்குப் போனால் மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியைத் தாண்டி ஒரு லாட்ஜிலும் பெட்டியை இறக்காதவர் நீங்கள். ரயிலும் பக்கம், கோயிலும் பக்கம், நல்ல காபியும் பக்கம் என்பது உங்கள் கணக்கு. அதனால் இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லித் தப்பிக்க முடியாது என்று தெரியும். லெட்டராகவே எழுதிவிடுகிறேன்.

வெனிசில் பஸ் ஸ்டாண்டு இருக்கிறது. பியாட்சாலே ரோமா என்று பெயர். பஸ், கார், டிராம் எல்லாம் அதுவரைக்கும் வரும், அங்கேயே நின்றுவிடும். அதற்கு அந்தப் பக்கம் படகு, இல்லையென்றால் கால். சைக்கிள்கூட ஓட்டக் கூடாது. ஆகவே அந்த ஊரில் ஹோட்டல் பிடிக்கிறவன் முதலில் யோசிக்க வேண்டியது வாடகையை அல்ல, பெட்டியை.

இங்கே மியூனிக்கில் வாரக் கடைசியில் எங்காவது கிளம்பிப் போகாவிட்டால் திங்கட்கிழமை ஆபீசில் மரியாதை இல்லை. "என்ன செய்தாய்?" என்று கேட்பார்கள். துணி துவைத்தேன், சாம்பார் வைத்தேன் என்றால் உடம்பு சரியில்லையா என்று விசாரிப்பார்கள். அத்தை வேறு, அதாவது உங்கள் சம்பந்தி, திருச்சியிலிருந்து வந்திருக்கிறார்கள். சரி, வெனிஸ் காட்டிவிடலாம், மியூனிக்கிலிருந்து நேர் ரயில் இருக்கிறது, ஆல்ப்ஸ் மலையில் பிரென்னர் கணவாய் தாண்டி ஆறரை, ஏழு மணி நேரத்தில் கொண்டுபோய் விட்டுவிடும் என்று முடிவாயிற்று. ரயில் முடிவானது ஐந்து நிமிஷத்தில். ஹோட்டல் விஷயத்தில்தான் வீடு இரண்டு பட்டது.

உங்கள் மருமகள் செல்போனில் ஒரு ஹோட்டலைப் பிடித்துவிட்டாள். சான் மார்கோ சதுக்கத்திலிருந்து அரை கிலோமீட்டர், தங்கினவர்கள் எல்லாம் 'இடம் பிரமாதம்' என்று மார்க் போட்டிருக்கிறார்கள், இன்னும் ஒரே ஒரு அறைதான் பாக்கி என்று சிவப்பு எழுத்து மின்னியது. (அந்த ஒரே ஒரு அறை அடுத்த வாரமும் பாக்கியாகவே இருந்தது.) வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஹோட்டல் பெரிய கால்வாய்க்கு அக்கரையில் இருக்கிறது. கிராண்ட் கனால் என்கிற அந்தக் கால்வாய் ஊரை நடுவில் வளைத்து வளைத்து நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக ஓடுகிறது. அதன்மேல் மொத்தமே நாலு பாலம். 1854 வரைக்கும் ரியால்டோ ஒன்றுதான் இருந்ததாம். அந்த அரை கிலோமீட்டர் சான் மார்கோ புறாக்களுக்குச் சரி. நாம் அக்காதெமியா பாலம் வரைக்கும் நடந்து, ஏறி இறங்கி, அந்தப் பக்கம் அதே தூரத்தைத் திரும்பி வர வேண்டும். ஒன்றரை கிலோமீட்டர் ஆகிவிடும்.

ஆபீசில் ஓர் இத்தாலிக்காரர் இருக்கிறார். அவர் வேறு வழி சொன்னார். "மெஸ்த்ரேயில் தங்கு. வாடகை பாதி. ரயிலில் பத்து நிமிஷம், ஒன்றரை யூரோ சில்லறை." மெஸ்த்ரே என்பது கரையில், தரைப் பகுதியில் இருக்கிற ஊர். கார் ஓடும், கடைகள் உண்டு, வங்கதேசத்துக்காரர்கள் ஏராளமாகக் குடியேறியிருப்பதால் பச்சை மிளகாய்க்கும் வெண்டைக்காய்க்கும் பஞ்சமில்லை. அங்கிருக்கிற ஹோட்டல்கள் பெயரிலேயே 'வெனிஸ்' என்று சேர்த்துக்கொள்கின்றன. பொய் என்று சண்டைக்குப் போக முடியாது. 1926லேயே மெஸ்த்ரேயை வெனிஸ் நகராட்சியோடு சேர்த்தாகிவிட்டது. ரயிலும் முதலில் 'வெனேசியா மெஸ்த்ரே' என்ற ஸ்டேஷனில்தான் நிற்கிறது. 'வெனேசியா' என்று காதில் விழுந்ததும் பாதிப் பெட்டி எழுந்து நிற்கிறது. எதிரே இருக்கும் வாடகைக் கார்களைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார்கள்.

இத்தாலிக்காரர் சொன்ன கணக்கில் பிழை இல்லை. ஆனால் வெனிசில் பகலில் இருப்பதற்கு ஹோட்டலே வேண்டாம். காலையில் வந்து சாயங்காலம் திரும்பிப் போகிறவர்கள்தான் பகல் முழுக்கச் சந்துகளை அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்தக் கூட்டம் தாங்காமல்தான் 2024லிருந்து சில நாட்களில் பகல் வருகைக்கு நுழைவுக் கட்டணம் வைத்தார்கள். ராத்திரி தங்குகிறவர்களுக்கு அது கிடையாது, அதற்குப் பதில் தலைக்கு, ராத்திரிக்கு இவ்வளவு என்று ஹோட்டல் பில்லிலேயே ஒரு வரி ஏறிவிடும். வாடகை கொடுப்பதே சாயங்காலம் கூட்டம் வடிந்த பிறகு அந்த ஊரைப் பார்க்கத்தான். அந்த நேரத்தில் நான் மெஸ்த்ரே ரயிலுக்கு ஓடிக்கொண்டிருந்தால் மிச்சம் பிடித்த பணத்தால் என்ன பிரயோஜனம்?

இப்படி நானும் மருமகளும் மீட்டரையும் யூரோவையும் வைத்து வழக்காடிக்கொண்டிருந்தபோது அத்தை கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார்கள். "மாப்பிள்ளை, அதெல்லாம் இருக்கட்டும். ரயிலை விட்டு இறங்கி ரூமுக்குப் போறதுக்குள்ள எத்தனை பாலம்? ஒவ்வொண்ணுக்கும் எத்தனை படி?"

எந்த ஹோட்டல் பக்கத்திலும் இதைப் போட்டிருக்கவில்லை. அந்த ஊரில் சின்னதும் பெரியதுமாக நானூறுக்கு மேல் பாலங்கள். கீழே படகு போக வேண்டும் என்பதால் அநேகமாக எல்லாம் கூன் விழுந்த பாலங்கள்தான். இந்தப் பக்கம் பத்துப் பதினைந்து படி ஏறு, அந்தப் பக்கம் அதே அளவு இறங்கு. அத்தைக்கு முட்டி தேய்மானம். பெட்டியோ விமானத்தில் வந்த 23 கிலோ பெட்டி. "ரெண்டு நாளைக்கு எதுக்கும்மா இவ்வளவு பெரிசு?" என்று மகள் கேட்டதற்கு, "உள்ளே ரைஸ் குக்கர் இருக்கு" என்று பதில் வந்தது. ஹோட்டல் அறையில் குக்கர் வைக்கக் கூடாது என்று சொல்லிப் பார்த்தோம். "அவங்களுக்கும் ஒரு கரண்டி குடுத்தா போச்சு" என்றார்கள்.

அப்புறம் எல்லாம் சுலபமாகிவிட்டது. வரைபடத்தில் ஒவ்வொரு ஹோட்டலுக்கும் பாலத்தை எண்ண வேண்டியதுதானே. சான் மார்கோ, காஸ்டெல்லோ வட்டாரத்து ஹோட்டல்கள் ஒரே இரவில் விழுந்தன. மிஞ்சியது லிஸ்டா தி ஸ்பாஞா என்ற தெரு. ரயில் கடைசியாகப் போய் நிற்கிற சாந்தா லூசியா ஸ்டேஷன் வாசலில் இடது கைப் பக்கம் திரும்பினால் அதுதான். குல்யே பாலம் வருகிற வரைக்கும் ஒரே தரை. பெட்டி தானாக உருளும். வெனிஸ் ரசிகர்கள் அந்தத் தெருவின் பெயரைச் சொன்னாலே முகம் சுளிப்பார்கள். முகமூடிக் கடை, கண்ணாடி பொம்மைக் கடை, துண்டு போட்டு விற்கிற பீட்சா. அழகு குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். அழகைத் தேடிப் போக எதிரிலேயே படகுத் துறை இருக்கிறதே.

ஹோட்டலைத் தேர்ந்த பிறகும் அத்தை விடவில்லை. லிஃப்ட் உண்டா என்று எழுதிக் கேட்டேன். உண்டு என்று பதில். "எந்த மாடியிலேர்ந்து கிளம்புதுன்னு கேளுங்க மாப்பிள்ளை" என்றார்கள். இதென்ன கேள்வி என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். முதல் மாடியிலிருந்து, மன்னிக்கவும், பழைய கட்டடம் என்று பதில் வந்தது! அதற்குப் பக்கத்திலேயே, தரையிலிருந்து கிளம்புகிற லிஃப்ட் வைத்த இன்னொன்றைப் பிடித்தோம். ஒரு சமயம் தரைத்தள அறையே கேட்கலாமா என்றும் யோசித்தோம். ஆனால் 2019 நவம்பரில் கடல் ஏறி 187 சென்டிமீட்டர் வரை தண்ணீர் வந்த ஊர். 2020லிருந்து கடல் வாயில் பெரிய மதகுகளை எழுப்பித் தடுக்கிறார்களாம். இருந்தாலும் அத்தை, "மதகை நம்பிக் கீழே படுக்க மாட்டேன், நான் காவேரிக்கரைக்காரி இல்லையா" என்று மறுத்துவிட்டார்கள்.

ரயில் தண்ணீருக்கு நடுவில் போய் நிற்கிற அழகைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் பாம்பனைவிட நீளமான பாலம், 1846ல் திறந்தது. இரண்டு பக்கமும் காயல். ஸ்டேஷன் வாசலுக்கு வந்தால் ரோடு இருக்க வேண்டிய இடத்தில் கால்வாய். அத்தை ஒரு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஆட்டோக்காரன் தொல்லை இல்லை" என்றார்கள்.

உங்களுக்கு ரொம்பப் பிடித்திருக்கக் கூடியது வாபோரெட்டோ. அந்த ஊரின் டவுன் பஸ் அதுதான், படகாக ஓடுகிறது. நம்பர் 1 படகு கிராண்ட் கனாலில் துறை துறையாக நின்று, ஸ்டேஷனிலிருந்து சான் மார்கோ போக முக்கால் மணி நேரம் கிட்ட எடுத்துக்கொள்கிறது. டிரைவர் மேலே. கீழே உங்கள் உத்தியோகத்துக்கு நெருக்கமான ஓர் ஆள். படகு துறையை நெருங்கும்போது கையில் கயிறோடு ஓரத்தில் வந்து நிற்பான். எட்டிப் பார்க்கக்கூட மாட்டான், பக்கத்தில் நிற்பவரோடு பேசிக்கொண்டே இரும்புக் குற்றியில் ஒரு சுற்று, எதிர்ச் சுற்று. கயிறு இறுகி நெறுநெறுவென்று முனகும், படகு ஒரு இடி இடித்து ஒட்டிக்கொள்ளும். கம்பிக் கதவைத் தள்ளுவான். இறங்குகிறவர்கள் முதலில், ஏறுகிறவர்கள் பிறகு. நடுவில் புகுந்தால் ஒரு பார்வை பார்ப்பான், பாருங்கள், கும்பகோணம் டிப்போவில் நீங்கள் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்தபோது பார்த்த அதே பார்வை. அப்புறம் கயிற்றை ஒரு உதறு, அவிழ்ந்துவிடும். ஒரு துறை விடாமல் இதையே செய்கிறான். அத்தை கடைசி வரைக்கும் அரண்மனைகளைவிட்டு அந்தக் கயிற்றைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

கொண்டோலா என்கிற அலங்காரப் படகு அரை மணி நேரத்துக்கு 90 யூரோ, ராத்திரியானால் அதற்கும் மேல். ரூபாயில் பெருக்கிப் பார்க்க வேண்டாம் என்று மருமகள் தடுத்தாள். அத்தை அதற்குள் பெருக்கிவிட்டார்கள். ஆனால் அத்தைக்குக் கொண்டோலா யோகம் இருந்தது. பாலம் இல்லாத இடத்தில் ஆட்களை அக்கரை சேர்க்க, அதே ஜாதிப் பெரிய படகு ஒன்றை இரண்டு பேர் தள்ளுகிறார்கள். டிராகெட்டோ என்று பெயர். சாந்தா சோஃபியா துறையிலிருந்து ரியால்டோ மீன் மார்க்கெட் பக்கம் போய்ச்சேர தலைக்கு 2 யூரோ. காய்கறிப் பையோடு உள்ளூர்ப் பாட்டிகள் அதில் நின்றுகொண்டே போகிறார்கள். அத்தையும் நின்றுகொண்டே போனார்கள். மகள் போட்டோ எடுத்தாள். திருச்சி சொந்தங்களுக்கு அனுப்பிய படத்தின் கீழே 'கொண்டோலாவில்' என்று மட்டும்தான் போட்டிருக்கிறது.

'கால்வாய் பார்த்த அறை'க்கு ஹோட்டல்காரர்கள் தனி விலை வைக்கிறார்கள். எந்தக் கால்வாய் என்று சொல்வதில்லை. பின்பக்கத்துச் சின்னக் கால்வாய் என்றால் விடியற்காலையிலேயே குப்பைப் படகு வந்துவிடும். கிரேன் வைத்த படகு. தெருத்தெருவாகத் தள்ளுவண்டியில் சேர்த்த குப்பையை அப்படியே தூக்கிக் கவிழ்ப்பார்கள். பிறகு பால், ரொட்டி, தண்ணீர் பாட்டில், சலவைத் துணி, எல்லாம் படகில். எங்கள் அறை ஒரு சந்துப் பக்கம் பார்த்தது. குப்பைப் படகுக்குப் பதில் பெட்டிச் சக்கரங்கள் கல் தரையில் கடகடவென்று உருள்கிற சத்தம். முதல் ரயிலுக்குப் போகிறவர்கள். அந்தச் சத்தத்தைத் தடுக்கச் சட்டம் போடலாமா என்று 2014ல் நகராட்சியே யோசித்ததாம். நான் புரண்டு படுத்தேன். அத்தை எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்து, எந்தப் பெட்டி நல்ல பெட்டி என்று மகளுக்கு வர்ணனை செய்துகொண்டிருந்தார்கள்.

நீங்களும் பெரியம்மாவும் வருவதானால் அக்டோபர் கடைசிக்குப் பிறகு வாருங்கள். அக்டோபர் கடைசியில்தான் அங்கே மாரத்தான் ஓட்டம் நடக்கும். ஓடுகிறவர்களுக்காக சான் மார்கோ பக்கத்துக் கரையோரப் பாலங்களில் படிமேல் பலகைச் சாய்வு போடுவார்கள். ஓட்டம் முடிந்தும் மாதக்கணக்கில் அதை எடுப்பதில்லை. மற்ற மாதங்களில் லிஸ்டா தி ஸ்பாஞாதான். குளிருக்கு மங்கி குல்லாய் கட்டாயம்.

அத்தை அடுத்தது ஆம்ஸ்டர்டாம் என்கிறார்கள். ஊர் முழுக்கத் தட்டைத் தரை, டிராம் வாசலுக்கே வரும் என்று சந்தோஷப்பட்டேன். விசாரித்தால் பழைய வீடுகளின் மாடிப்படி அங்கே ஏணி போலச் செங்குத்தாம், சாமான்களையே வெளியில் கொக்கி போட்டு ஜன்னல் வழியாக ஏற்றுவார்களாம். அத்தை அந்தக் கொக்கி எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்கச் சொல்லியிருக்கிறார்கள். எழுதிப் போட்டிருக்கிறேன்.

பெரியம்மாவுக்கு என் வணக்கம். தம்பிக்கும் குழந்தைகளுக்கும் அன்பு.

உங்கள் மகன்.

பி.கு.: உள்ளே வைத்திருப்பது படகு டிக்கெட். 75 நிமிஷம்தான் செல்லும். நீங்கள் பிரிக்கும்போது காலாவதியாகிப் பல நாள் ஆகியிருக்கும். அபராதம் போடாதீர்கள்.