கட்-ஆஃப் கேள்வி, கறார் பதில்

மகள் பிளஸ் டூவில் 600-க்கு 572. பொறியியலில் நல்ல இடம் கிடைக்குமா?
(ஒரு தந்தை, ஜெயங்கொண்டம்)

572-ஐச் சொந்தக்காரர்களிடம் சொல்லுங்கள், இனிப்பு கொடுங்கள். கவுன்சலிங்கில் அதை யாரும் கேட்க மாட்டார்கள். கணித மார்க் முழுசாக, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதியாக, ஆகமொத்தம் 200. இந்த மூன்றையும் எழுதாமல் விட்டுவிட்டீர்களே!

கணிதத்தில் ஒரு மார்க் போனால் என்ன பெரிதாகப் போய்விடும்?
(மாணவன், திண்டிவனம்)

கட்-ஆஃபில் முழுசாக ஒன்று போகும். இயற்பியலில் போனால் அரை. அந்த அரைக்குள்ளேயே ஒரு பெருங்கூட்டம் நெருக்கியடித்து நிற்கும் தம்பி. சந்தேகம் இருந்தால் விடைத்தாள் நகல் வாங்கிப் பார். கூட்டலில் பிழையா, மறுகூட்டல். திருத்தியதிலேயே பிழையா, மறுமதிப்பீடு. கடைசித் தேதி தாண்டினால் கண்ணீர்கூடச் செல்லாது.

இரண்டு பேருக்கு ஒரே கட்-ஆஃப் வந்தால்?
(ஆசிரியை, தாராபுரம்)

முதலில் கணிதம், அடுத்து இயற்பியல் என்று பார்த்துக்கொண்டே போவார்கள். எல்லாம் சமமானால் பிறந்த தேதி. வயதில் மூத்தவர் முன்னால். அதுவும் ஒன்றென்றால் ரேண்டம் எண். 'நீதானே பெரியவன், விட்டுக்கொடு' என்று கேட்டுக் கேட்டே வளர்ந்த பிள்ளைக்கு, பெரியவன் என்பதற்காகவே முன்வரிசை கிடைக்கிற இடம் இது.

எங்கள் காலத்தில் நுழைவுத்தேர்வு இருந்ததே, அதை ஏன் எடுத்தார்கள்?
(ஓய்வுபெற்ற ஊழியர், காரைக்குடி)

எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1984-ல் வந்தது. பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத்தேர்வுக்கு 100, ஆக 300-க்குத்தான் அன்றைய கட்-ஆஃப். பட்டணத்துப் பிள்ளை கோச்சிங் போகும், பட்டிக்காட்டுப் பிள்ளை எங்கே போகும் என்ற கேள்வி வலுத்தது. கலைஞர் ஆட்சி கொண்டுவந்த சட்டத்துக்கு 2007-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்ததும் தேர்வு போயிற்று. எடுத்தது சரி என்பேன், எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். சரியாகப் பத்து வருடம் கழித்து மருத்துவப் படிப்புக்கு நீட் வந்து உட்கார்ந்துகொண்டது. பட்டிக்காட்டுப் பிள்ளை எங்கே போகும் என்ற கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

மகன் உயிரியலில் நூற்றுக்கு நூறு. டாக்டர் ஆகிவிடுவானா?
(ஒரு தாய், ஒட்டன்சத்திரம்)

நீட்டில் எவ்வளவு அம்மா? 720-க்கு. சரியான விடைக்கு 4, தப்பான விடைக்கு 1 கழிவு. பிளஸ் டூவில் அறிவியல் பாடங்கள் மூன்றும் சேர்த்துப் பொதுப் பிரிவினருக்கு 50 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 இருந்தால் தகுதி. அதற்கு மேல் எவ்வளவு வாங்கினாலும் தரவரிசையில் ஒரு படிகூட ஏறாது. பன்னிரண்டு வருடப் பள்ளிப் படிப்பை ஒரு மத்தியானம் விழுங்கிவிடுகிறது. இதை நியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடாமே?
(கூலித் தொழிலாளி, செய்யாறு)

உண்டு ஐயா. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீதம். மருத்துவத்துக்கு 2020-ல் வந்தது, பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றுக்கு 2021-ல் வந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் அரசு பார்த்துக்கொள்ளும். நடுவில் ஒரே ஒரு வருடம் பணம் கட்டித் தனியார் பள்ளிக்கு மாற்றியவர்கள்தான் பிற்பாடு தலையில் கை வைக்கிறார்கள்.

சிபிஎஸ்இ-யில் மார்க் கஞ்சத்தனம். என் மகள் பின்தங்கிவிடுவாளே?
(ஒரு தாய், ஓசூர்)

மாட்டாள். மாநிலப் பாடத்திட்டத்தில் இயற்பியலின் உச்ச மார்க் 100, அங்கே உச்சம் 90 என்றால், அந்த 90-ஐ 100 ஆக்கிவிடுவார்கள். 60 வாங்கியவருக்கு 66.67 ஆகும். அங்கேயும் உச்சம் 100 என்றால் ஏற்றம் கிடையாது. பிள்ளைகளை ஒப்பிட அரசே சூத்திரம் வைத்திருக்கிறது. நீங்கள் வேறு பக்கத்து வீட்டோடு ஒப்பிட வேண்டாம்.

ஜேஇஇ மெயினில் 98 பர்சன்டைல். ஐஐடி உறுதிதானே?
(மாணவன், திருப்பூர்)

நூறு பேரில் இரண்டு பேர்தான் உனக்கு முன்னால், சந்தோஷம். எழுதியவர்கள் பத்து லட்சத்துக்கு மேல் என்பதால் அந்த 'இரண்டு பேர்' இருபதாயிரத்தைத் தாண்டிவிடுவார்கள். ஐஐடிக்கு அட்வான்ஸ்டு என்ற இன்னொரு மலையும் பாக்கி. திருச்சி என்ஐடியில் பாதி இடம் பிளஸ் டூவைத் தமிழ்நாட்டில் முடித்தவர்களுக்கு. அங்கே ஒரு கண் வை.

தனியார் பல்கலைக்கழகத் தேர்வில் ரேங்க் வந்திருக்கிறது. இந்த வாரமே பணம் கட்டச் சொல்கிறார்கள்.
(ஒரு தந்தை, கும்பகோணம்)

அவசரப்படுத்துவது அவர்கள் பிழைப்பு. கவுன்சலிங் வரை பொறுப்பது உங்கள் பணப்பைக்கு நல்லது.

சாய்ஸ் பட்டியலில் எதை முதலில் போடுவது?
(மாணவி, சங்கரன்கோவில்)

எது வேண்டுமோ அதை. இதைச் சொல்ல நிபுணர் எதற்கு என்கிறாயா? வருடா வருடம் ஆயிரம் பிள்ளைகள் கோட்டைவிடும் இடம் இதுதான் அம்மா. 'எனக்கெல்லாம் கிண்டி கிடைக்குமா' என்று ஆசைப்பட்டதைப் பதினைந்தாவது வரிசையில் ஒளித்து வைக்கிறார்கள். கம்ப்யூட்டர் மேலிருந்து கீழாகத்தான் வரும். உன் முறை வரும்போது எந்த இடம் காலியோ, அதில் பட்டியலில் முதலில் இருப்பதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். மூன்றாவதே கிடைத்துவிட்டால் பதினைந்தாவதை அது திரும்பிக்கூடப் பார்க்காது. கிடைக்காததை மேலே போட்டதால் அரை மார்க் நஷ்டமில்லை. எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம், நிறைய எழுது. வரிசையை அப்பா, மாமா, கணினி மைய அண்ணன் எவர் கையிலும் கொடுக்காதே. பாஸ்வேர்டையும்தான்.

கட்-ஆஃப் 110. எல்லாம் முடிந்ததா மாமா?
(மாணவன், கமுதி)

யார் சொன்னது? மூன்று பாடத்திலும் சேர்த்துப் பொதுப் பிரிவுக்குச் சராசரி 45 சதவீதம், மற்றவர்களுக்கு 40 இருந்தால் பி.இ.க்கே விண்ணப்பிக்கலாம். அது வேண்டாமா, அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கே மொழிப்பாடம் நீங்கலாக நான்கு பாடங்களுக்கு 400. தமிழ் இலக்கியம் படிக்க ஆசையென்றால் தமிழ் மார்க்கை மட்டும் பார்ப்பார்கள். கையால் செய்து கற்பது பிடிக்குமா, பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு. டிப்ளமோ முடித்துவிட்டுப் பி.இ. இரண்டாம் ஆண்டிலும் போய் உட்காரலாம். ஒவ்வொன்றுக்கும் விண்ணப்பம் தனி, கடைசித் தேதி தனி. மூன்றையும் இன்று ராத்திரியே குறித்து வை.