நூறு சதவீதத்துக்கு எட்டு வருசம் பாக்கி

மத்திய அரசின் ஓய்வூதிய விதிகளில் ஒரு ஏணி உண்டு. 80 வயது நிறைந்தால் அடிப்படை ஓய்வூதியத்தோடு 20 சதவீதம் கூடும். 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50. நூறைத் தொட்டுவிட்டால் 100 சதவீதம், அதாவது இரட்டிப்பு. ராணுவத்தில் இருந்து வந்தவர்களுக்கும் இதே கணக்குதான். மற்றவர்கள் இதை முதியோர் சலுகை என்று நினைத்தார்கள். பெருந்துறைக்குப் பக்கத்தில், கீழ்பவானி வாய்க்காலை ஒட்டித் தென்னந்தோப்பு வைத்திருந்த ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் மட்டும் இதைப் பதவி உயர்வுப் பட்டியலாகவே எடுத்துக்கொண்டார்.

"அடுத்த ப்ரமோசன் எப்பங்க ஐயா?" என்று டீக்கடையில் கேட்பார்கள்.

"இன்னும் மூணு வருசம் கெடக்குது. அதுவரைக்கும் சக்கரை போடாம குடு" என்பார்.

1951-ல் அவர் சேர்ந்தது மெட்ராஸ் சாப்பர்ஸில். பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் அந்தப் பொறியாளர் படையின் வரலாறு 1780-ல் தொடங்குகிறது. படை முன்னேறப் பாலம் போடுவதும், பின்வாங்க நேர்ந்தால் அதே பாலத்தைத் தகர்ப்பதும் அவர்கள் தொழில். இரண்டையும் அவர் வீட்டிலும் விடாமல் செய்தார். மிக்சியோ மின்விசிறியோ கிணற்று மோட்டாரோ, எதுவானாலும் முதலில் தகர்ப்பு, பாலமெல்லாம் பிறகு. "கழட்டறதுக்குத்தான் சர்க்கார்ல சம்பளம் குடுத்தாங்களாட்ட இருக்குது" என்பார் மனைவி, தரையில் பரப்பிக் கிடக்கும் திருகாணிகளைத் தாண்டித் தாண்டி நடந்தபடி.

அவருடைய பெருங்காதல் பெய்லி பாலம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் டொனால்டு பெய்லி என்ற பிரிட்டிஷ் பொறியாளர் வடிவமைத்தது. கிரேன் வேண்டாம், கையாலேயே கோத்துவிடலாம். ஒரு சட்டம் 10 அடி நீளம், கிட்டத்தட்ட 260 கிலோ. தூக்க ஆறு பேர். இந்த ஆறு அவருக்கு வேதமாகிவிட்டது. மகள் கல்யாணத்துக்குச் சீர் பீரோ வந்து இறங்கியபோது, "ரெண்டாள் போதுங்க" என்ற வண்டிக்காரரை ஓரங்கட்டிவிட்டு, மாப்பிள்ளை வீட்டாரில் நாலு பேரைப் பிடித்து ஆறாக்கினார். அவர் இந்தியில் "ஏக், தோ" எண்ண, பட்டு வேட்டிக்காரர்கள் பீரோவைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டார்கள். கதவு நிலைக்குள் ஆறு பேர் நுழைய முடியாது என்பது அங்கேதான் தெரிந்தது. சம்பந்தி இன்றைக்கும் இடுப்பைத் தடவாமல் அந்தக் கல்யாணத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

முள்வேலியைத் தகர்க்க, வெடிமருந்து அடைத்த குழாயை அடியில் தள்ளி வெடிக்கும் 'பெங்களூர் டார்பிடோ'வை 1912-ல் உருவாக்கியவர் அதே படையைச் சேர்ந்த கேப்டன் மெக்ளின்டாக். 1944-ல் நார்மண்டிக் கரையில் இறங்கிய அமெரிக்கர்கள் கையிலும் அது இருந்தது. 'சேவிங் பிரைவேட் ரயன்' படம் டிவியில் ஓடியபோது, அந்தக் காட்சி வந்ததும் சுபேதார் எழுந்து நின்று, "நம்ம சரக்கு!" என்றார். அந்த வாரமே சமையலறைச் சாக்கடை அடைத்துக்கொண்டது. பிவிசி குழாயோடு அவர் வருவதைப் பார்த்த மனைவி கையெடுத்துக் கும்பிட்டதால், வெறும் குழாயால் குத்துவதோடு விட்டார்.

எல்லைப்புறத்தில் இருந்த வருடங்களில் அவர் பாசம் இன்லேண்டு கடிதத்தில் வரும். "நலம், நலமறிய ஆவல்" என்று ஒரு வரி. மீதி இடம் முழுக்கப் படம்: ஒழுகும் குழாய்க்குச் சணலை எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும் என்று அம்புக்குறியோடு. மகளுக்கு முத்தம் அனுப்பியதாகப் பதிவு எதுவும் இல்லை. சைக்கிள் செயின் கழன்றால் மாட்டும் முறை இரண்டு கடிதங்களில் இருக்கிறது. முதலாவது போய்ச் சேராவிட்டால் பிள்ளை தள்ளிக்கொண்டு வர வேண்டுமே என்று இரண்டாவது.

1984-ல் தொடங்கிய கொங்கு பொறியியல் கல்லூரி பக்கத்திலேயே இருந்தது. அங்கே மகன் சிவில் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். மகன் கம்ப்யூட்டர் எடுத்தார். "இதுல பாலம் எங்கடா கண்ணு இருக்குது?" என்று கேட்டவர், ஃபீஸை மட்டும் ஒரு நாள் பிந்தாமல் கட்டினார். பின்னாளில் கூடிய 20 சதவீதம் பேத்தியின் படிப்புக்குப் போனது. 30 பேரனுக்கு. 40 சதவீதம் வந்தபோதுதான் தனக்கென்று ஒன்று வாங்கினார்: ராத்திரியில் தண்ணீர் பாய்ச்சப் போக ஒரு டார்ச் லைட்.

ஆனால் உயிரோடு இருப்பது மட்டும் போதாது, அதை வருடாவருடம் நவம்பரில் நிரூபிக்கவும் வேண்டும். 2014-ல் அதற்கு 'ஜீவன் பிரமாண்' என்ற கைரேகை முறை வந்தது. ஸ்பேனரும் மண்வெட்டியும் பிடித்துத் தேய்ந்த விரல்களை மிஷின் ஏற்கவில்லை. "இன்னொருக்கா வைங்க ஐயா" என்றான் மிஷினை வைத்திருந்த பையன். ஐந்து விரலும் தோற்றதும், மிஷினைக் கவிழ்த்து அடிப்பக்கத் திருகாணிகளைப் பார்த்தார். பையன் அவசரமாக அடுத்த கையைக் கேட்டான்.

92 வயதில் போய்ச் சேர்ந்தார். பீரோவில் ஒரு கவர் இருந்தது. வங்கிக் கணக்கு, மோட்டார் ஸ்டார்ட்டரின் உதிரி, தோப்புப் பத்திரம் எல்லாவற்றுக்கும் வரிசை எண். எட்டாவது: "தூக்க நாலு பேர் போதும். வாசப்படி சின்னது." கடைசி வரி சிவப்பு மையில்: "குடும்ப ஓய்வூதியத்துக்கும் அதே விதிதான். அம்மாவுக்கு ஆவணியில 80. இருவது பர்சென்ட் கேட்டு வாங்கு."

"அதுக்கு மனு எங்க குடுக்கோணும்னு எழுதலியே?" என்றார் அம்மா.

மகன் கவரைத் திருப்பினார். பஸ் ஸ்டாண்டிலிருந்து வங்கிவரைக்கும் படம் போட்டிருந்தது, அம்புக்குறியோடு.