கொஞ்சம் சிரிக்கச் சொல்லுங்கள்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மண்டபம் கடற்கரையில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் ஆழத்தில் நின்ற எனக்கு, கடற்புல்லின் நடுவே, ஏறக்குறைய ஓரடி விஸ்தீரணத்தில், உடம்பெங்கும் செக்கச்செவேலென்ற குமிழ்களோடு ஒரு நட்சத்திர மீன் தரிசனம் தந்தது. அதைப் பற்றி முக்கியமான விஷயம் ஒன்றைச் சொல்லவே இதை எழுதத் தொடங்கினேன். அதற்குள் சுற்றுலா பஸ்ஸிலிருந்து ஒரு குடும்பம் இறங்கிவிட்டது.

இறங்கியவர்கள் என்ன செய்தார்கள் என்று வர்ணிக்க வேண்டியதில்லை, நீங்களும் செய்கிறவர்கள்தாம். மீன் வெளியே வந்தது. கைப்பேசிகளும் வெளியே வந்தன.

"அதை இந்தப் பக்கம் திருப்புடா" என்று குடும்பத் தலைவர் ஆக்ஞாபித்தார். எதைத் திருப்புவது? தலையும் மூளையும் ரத்தமும் இல்லாமல், உள்ளே புகுந்த கடல்நீரைக் கொண்டே எண்ணற்ற குழாய்க் கால்களை நடத்துகிற அந்த ஜந்துவுக்கு, வெளிச்சம் அறியும் கண் கைநுனிக்கு ஒன்றாக ஐந்து இருப்பதால், ஒன்று காமிராவைப் பார்த்தால் இன்னொன்று மாமியாரையும், மூன்றாவது பஸ்ஸையும், நான்காவது என்னையும், ஐந்தாவது தான் போகவேண்டிய கடலையும் பார்க்கும். சிரிக்கச் சொல்லலாமென்றால் வாய் அடிப்பக்கத்தில். அதுவும் இரைப்பையையே வெளியே தள்ளி இரையின்மேல் போர்த்துகிற வாய். படத்துக்கு நாம் ஆசையோடு காட்டுகிற சிவப்புக் குமிழ்ப் பக்கமோ முதுகு. அந்த முதுகின் மத்தியில்தான் பகவான் அதற்கு மலத்துவாரத்தை அமைத்திருக்கிறார். அந்த ஸ்தானத்தில் கன்னத்தை இழைத்துக்கொண்டு ஓர் அம்மாள் மந்தஹாசம் புரிந்தபோது, எச்சரிப்பது என் தர்மம் என்றெண்ணித் தொண்டையைக் கனைத்தேன்.

"தாத்தா, உங்க நிழல் விழுது. கொஞ்சம் ஒதுங்குங்க" என்றான் பையன்.

ஒதுங்கினேன். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைத் தேசியப் பூங்காவென்று 1986-இல் அறிவித்த சர்க்காருக்கு, கரையோரத்து ஜீவனை இந்தக் கன்னங்களிடமிருந்து காக்க வழி தெரியவில்லை. தோலாலும் குழாய்க் கால்களாலும் தண்ணீரிலிருந்தே சுவாசிக்கிற பிராணி, சித்தப்பா வரும்வரை, பிறகு சித்தி தலைவாரி முடிக்கும்வரை, காற்றில் தொங்கியது.

சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். வருவதற்குள் அதைத் தண்ணீரில் வீசினார்கள், மல்லாந்து விழுந்தது. தானே புரண்டுகொள்ளும்தான், ஆனாலும் மனம் கேளாமல் குனிந்து, வேட்டி முழுக்க நனைய, இரு கைகளாலும் அதைத் திருப்பிக்கொண்டிருந்தேன். அடுத்த பஸ்ஸும் வந்துவிட்டது.

"எவ்வளவு பெரியவரே?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

நான் பேசவில்லை. காயவைத்தது இருந்தாலும் பரவாயில்லையாம்.