சுபவியல்: டவுன்டன் அபியின் கடைசிப் பருவத்துக்கு நூற்பாவும் உரையும்

நூல் செய்வோர் பாயிரம் சொல்லித்தான் தொடங்க வேண்டும். ஆகவே சொல்லிவிடுகிறேன். நூற்பெயர், சுபவியல். நுதலிய பொருள், ‘டவுன்டன் அபி’ என்னும் ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடரின் ஆறாம் பருவம் பார்த்தவர்களுக்கு ஏற்படும் ஏமாற்றம். எல்லை, வடக்கே யார்க்‌ஷயர், தெற்கே ஹாம்ப்‌ஷயர். கதைப்படி மாளிகை முன்னதில் இருக்கிறது, படம் பிடித்த ஹைகிளியர் கோட்டை பின்னதில் இருக்கிறது. கேட்போர், 2010 செப்டம்பரில் முதல் அத்தியாயத்தில் உட்கார்ந்து 2015 கிறிஸ்துமஸ் இரவில் 52ஆவது அத்தியாயம் முடிந்து எழுந்தவர்களும், பிறகு மொத்தமாக உட்கார்ந்து பார்த்துத் தீர்த்தவர்களும். பயன், ஒன்றும் இல்லை. பாயிரம் முற்றும்.

முதலில் இந்த ஏமாற்றம் எந்த மெய்ப்பாட்டில் அடங்கும் என்று பார்த்துவிட வேண்டும். தொல்காப்பியர் சொன்ன எட்டில் ஏமாற்றத்துக்குத் தனி இடம் இல்லை. நகையில் சேர்க்க முடியாது. பெருமிதத்தில் சேர்த்தால் தொடரை எழுதிய ஜூலியன் ஃபெலோஸ் ஒருவருக்குத்தான் பொருந்தும். மிஞ்சுவது அழுகை. அழுகை பிறக்கும் இடங்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு. இளிவு இல்லை, நம்மை யாரும் அங்கே இழிவு செய்யவில்லை. இழவு இல்லை, ஆறாம் பருவம் முழுக்க மாளிகைக்குள் ஒரு சாவுகூட இல்லை. வறுமையை அந்த வீட்டில் தேடுவது வீண். ஆக எஞ்சியது அசைவு. பழைய நிலை கெட்டு வேறொன்றாகிப் போவதால் வரும் வருத்தம் என்று உரையாசிரியர்கள் இதற்குப் பொருள் சொன்னார்கள். மாளிகையின் மூத்த மகள் லேடி மேரி இரண்டாம் கல்யாணம் செய்துகொள்வதைப் பார்ப்பவர் முகத்தில் தோன்றுவது இதுவே என்க.

அற்றேல், மூன்றாம் பருவத்தில் மேரியின் கடைசித் தங்கை சிபில் பிரசவத்தில் செத்தபோது அழுதீர்கள். அதே பருவத்தின் கிறிஸ்துமஸ் அத்தியாயத்தில் மேரியின் கணவர் மேத்யூ கார் கவிழ்ந்து செத்தபோது ஃபெலோஸைத் திட்டித் தீர்த்தீர்கள். கடைசியில் ஒருவரையும் சாகவிடாமல் எல்லாரையும் வாழ வைத்தால் அதற்கும் முகம் சுளிக்கிறீர்களே, இது முறையா எனின், முறையே. அன்று பிறந்தது வெகுளி. வெகுண்டவன் அடுத்த பருவத்துக்கு முதல் ஆளாக வந்து உட்காருவான், திட்டுவதற்காவது. அசைவு கண்டவன் வரமாட்டான். பகையைவிடக் கருணைதான் பார்வையாளனை அதிகம் விரட்டும் என்பதே இந்நூலின் கோட்பாடு. இனி நூற்பா.

கொலைவழக் கொழிந்த கோட்டை தனக்கு
மருத்துவ மனையே மறுவழக் காகும்.

என்பது சூத்திரம். ‘தீர்ந்த’ என்னாது ‘ஒழிந்த’ என்றது என்னை எனின், தீர்வு வேறு, ஒழிவு வேறு ஆகலின். பேட்ஸ் என்னும் பணியாளர் முதல் மனைவியைக் கொன்றதாகத் தூக்குமேடை வரை போய், தண்டனை குறைந்து, சிறையிலிருந்து மீண்டார். பிறகு கிரீன் என்பவன் லண்டனில் வண்டியடியில் விழுந்து செத்ததற்காக அவர் மனைவி ஆனா கைதானாள். இரண்டு கொலைவழக்கை வைத்து ஐந்து பருவம் ஓட்டினார்கள். ஆறாம் பருவத்தின் முதல் அத்தியாயத்தில், நாம் முகம்கூடப் பார்க்காத ஒரு பெண் நானே கொன்றேன் என்று ஒப்புக்கொண்டுவிட்டதாகப் போலீஸ்காரர் வந்து சொல்கிறார். முடிந்தது. இதைத் தீர்வு என்று சொல்ல நாக்கூசியதால் ஒழிவு என்றார் சூத்திரம் செய்தவர்.

‘மருத்துவமனையே’ என்னும் ஏகாரம் தேற்றம். டவுன்டன் கிராமத்துச் சிறு மருத்துவமனையை யார்க் நகரத்துப் பெரிய மருத்துவமனையோடு இணைப்பதா, வேண்டாமா? இணைக்கலாம் என்பார் மேத்யூவின் தாய் இசபெல். கூடாது என்பார் பாட்டி வயலட். மருமகள் கோரா இசபெல் பக்கம். டாக்டர் கிளார்க்சன் முதலில் பாட்டி பக்கம், பிறகு மனம் மாறினார். அத்தியாயம் அத்தியாயமாக இதே பேச்சு. முதல் பருவத்தில் மேரியின் கட்டிலில் துருக்கித் தூதரகத்து ஆள் ஒருவன் செத்துப்போக, மேரியும் தாய் கோராவும் வேலைக்காரி ஆனாவும் நள்ளிரவில் பிணத்தைத் தூக்கிக்கொண்டு கூடம் கூடமாகப் போனார்கள். அதே வீட்டில் இன்று நிர்வாகக் குழுத் தலைவர் பதவி யாருக்கு என்று சண்டை. பஞ்சாயத்து யூனியன் கூட்டத்துக்கு மெழுகுவத்தி ஏற்றி வைத்து, வெள்ளிக் கரண்டியும் போட்டதுபோல.

இந்த வறட்சியை ஃபெலோஸும் உணர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஐந்தாம் அத்தியாயத்துச் சாப்பாட்டு மேசையில் அவர் அப்படிச் செய்திருக்க மாட்டார். சுகாதார அமைச்சர் நெவில் சேம்பர்லின் விருந்தாளி. 1924 கடைசியிலிருந்து அவர் மெய்யாகவே அந்தப் பதவியில் இருந்தவர். வழக்கம்போல மருத்துவமனைச் சண்டை தொடங்குகிறது. அப்போது கிரந்தம் பிரபு ராபர்ட் எழுந்து நின்று, வயிற்றுப்புண் வெடித்து, மேசை விரிப்பு, பீங்கான், மனைவியின் உடை என்று எங்கும் பீய்ச்சியடிக்க இரத்தம் கக்குகிறார். இதைப் பலரும் அதிர்ச்சிக் காட்சி என்று எழுதினார்கள். ஆய்ந்து பார்த்தால் இது விமர்சனக் காட்சி. அந்தச் சண்டையை ஐந்து வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு மனித உடல் வேறெப்படித்தான் எதிர்ப்புத் தெரிவிக்கும்? பார்வையாளர் சார்பில் அவர் கக்கினார் என்று கொள்க.

இங்கே ஒரு புறனடை. ஹைகிளியர் கோட்டையின் மெய்யான சொந்தக்காரரான ஐந்தாம் கார்னார்வன் பிரபு, எகிப்தில் தூத்தன்காமன் கல்லறையைத் தோண்டப் பணம் கொடுத்தவர். 1922இல் கல்லறை திறந்தது. மறு ஆண்டே கொசுக்கடி புரையோடிக் கெய்ரோவில் இறந்துபோனார். கதை மாளிகையில் அந்த ஆண்டுகளில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று ஒப்பிட்டால், வீட்டுக்காரரிடமே கதை கேட்டிருக்கலாமே என்று தோன்றும். போகட்டும்.

அடுத்த சூத்திரம் சிறியது.

ஆண்டு குறுகின் ஆறுதல் பெருகும்.

முதல் பருவம் 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கிய செய்தியோடு தொடங்கி 1914 ஆகஸ்டில் போர் அறிவிப்போடு முடிகிறது. ஏழே அத்தியாயத்தில் இரண்டு ஆண்டு நான்கு மாதம். இரண்டாம் பருவம் ஒரு போரையும் ஒரு கொள்ளை நோயையும் விழுங்கிவிடுகிறது. ஆறாம் பருவத்துக்கு ஒன்பது அத்தியாயம், 1925 என்னும் ஓர் ஆண்டு. வரலாறு கதவைத் தட்டாதபோது வீட்டுக்காரர்கள் ஒருவர்க்கொருவர் நல்லது செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். வேறு வேலை இல்லை. விரித்தால் பெருகும் என்பதால் விடுத்தாம்.

வாரம் ஒருவர்க்கு வாழ்வளித் திடினே
பார்ப்போர் நெஞ்சம் பாழ்படும் என்க.

இந்நூலின் உயிர்நாடி இதுவே. கணக்கை முடித்து ஊரைக் காலிசெய்யப்போகும் ஜமீன் காரியஸ்தரின் அவசரம் ஆறாம் பருவத்தில் தெரிகிறது. மேசன் தாத்தாவுக்குக் குத்தகைப் பண்ணை. பணியாளர் மோல்ஸ்லிக்குப் பள்ளிக்கூட வாத்தியார் வேலை. பாட்டி வீட்டுப் பணியாளர் ஸ்ப்ராட்டுக்கு, மேரியின் தங்கை ஈடித் நடத்தும் பத்திரிகையில் பெண் பெயரில் யோசனை சொல்லும் பத்தி. சமையற்கார பேட்மோர் அம்மாள் தொடங்கிய தங்கும் விடுதிக்குக் கெட்ட பெயர் வந்துவிட, பிரபுவும் பிரபுவின் மனைவியுமே போய்த் தேநீர் குடித்து அந்தக் கறையைத் துடைக்கிறார்கள். எல்லார் இலையிலும் பாயசம். ஒருவர் இலையில்கூட உப்பு இல்லை.

கார்சனுக்கும் ஹியூஸ் அம்மாளுக்கும் கல்யாணம் ஆனதைக் குறை சொல்லமாட்டேன். மாளிகைத் தலைமைப் பணியாளராக வாழ்நாளைக் கழித்தவர், மனைவி கையால் சாப்பிட உட்கார்ந்ததும், தட்டு சூடாக இல்லை, கறி சரியாக வேகவில்லை என்று மேலிடத்துப் பணிவோடு குறை சொல்லிக்கொண்டே இருக்கிறார். அந்தம்மாள் ஒரு நாள் கையில் கட்டுப்போட்டு, அடிபட்டுவிட்டது, நீங்களே சமையுங்கள் என்று நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறாள். அவர் அடுப்புக்கும் மேசைக்கும் ஓடி வியர்த்துப்போக, அவள் முகத்தில் வரும் அந்த அரைச் சிரிப்பு! பருவம் முழுவதும் இந்த அளவுக்குச் சின்னதாக, இந்த அளவுக்குப் பொல்லாததாக இருந்திருக்கலாம். இன்னொன்றும் உண்டு. மருத்துவமனைக்குப் பணம் திரட்ட ஆளுக்கு ஆறு பென்ஸ் வாங்கிக்கொண்டு மாளிகையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். தங்கள் சுவரில் தொங்கும் ஓவியங்களைப் பற்றி வீட்டாருக்கே ஒன்றும் தெரியவில்லை. ஒரு சின்னப் பையன் கூட்டத்திலிருந்து நழுவி, வயிற்று ரணத்தோடு படுத்திருக்கும் பிரபுவின் அறைக்குள் வந்து, வீடு எதற்கு இவ்வளவு பெரிசு, வசதியான இடமாகப் பார்த்துப் போகக்கூடாதா என்று கேட்கிறான். ஆறு பருவமாக யாரும் கேட்காத கேள்வி. ஃபெலோஸ் தாமே பிரபுக்கள் சபை உறுப்பினர். பையனை உடனே வெளியே அனுப்பிவிட்டார்.

மருத்துவ ஆதாரம் ஒன்றையும் இங்கே வைக்க வேண்டும். ஆனாவுக்குக் கரு தங்காமல் போய்க்கொண்டே இருக்க, லண்டன் மருத்துவர் கருப்பை வாயில் ஒரு தையல் போட்டுக் காப்பாற்றுகிறார். கதையில் ஆண்டு 1925. அந்தத் தையல் மருத்துவ நூல்களில் நிலைபெற்றது, பம்பாய் மருத்துவர் ஷிரோட்கர் 1955இல் தம் முறையை வெளியிட்ட பிறகு. ஒரு தாய் பிழைக்க வேண்டும் என்றதும் ஃபெலோஸ் முப்பது ஆண்டு தாண்டிப் போய் வைத்தியம் வாங்கி வந்திருக்கிறார். இசபெல்லை மணக்க விரும்பும் மெர்டன் பிரபுவுக்கோ கொடிய இரத்தசோகை, சாவு உறுதி என்கிறார்கள். அந்த நோய்க்கு ஈரல் உணவே மருந்து என்று மினாட்டும் மர்ஃபியும் 1926இல் வெளியிட்டார்கள். பிறகு அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. அதாவது மருந்து மெய்யாகவே சில மாதத் தூரத்தில் வந்துகொண்டிருந்தது. அதற்குக்கூடப் பொறுக்காமல், நோயே இல்லை, சாதாரணச் சோகைதான், டாக்டர் தப்பாகச் சொல்லிவிட்டார் என்று ஃபெலோஸ் முடித்துவிட்டார். சுபம் போடக் கை பரபரக்கும்போது அறிவியலை முன்னும் பின்னும் இழுத்துக்கொள்ளலாம் என்பதற்கு இவ்விரண்டும் சான்று.

ஆனாவின் பிரசவமோ புத்தாண்டுக்கு முந்தைய இரவில், மேரியின் கட்டிலில். பிணம் தூக்கியவளுக்கு அங்கேயே பிள்ளை. இதைக் கதையமைதி என்று மெச்சுவோர் உண்டு. எனக்கென்னவோ கட்டிலுக்கும் ஒரு சுபம் போட்டுவிட்டார்கள் என்றே படுகிறது.

இதற்கு மாறாக அமைந்தவையும் உண்டா எனின், இரண்டு உண்டு. ஒன்று மாளிகைப் பணியாளன் பேரோ. ஆள்குறைப்பில் உன் வேலைதான் போகும் என்று வாரந்தோறும் சாடையாகச் சொல்ல, அவன் ஊர் ஊராக வேலை கேட்டுப் போய்த் திரும்பி வந்து, கடைசியில் சாக முயல்கிறான். அவனை யாருக்கும் பிடிக்காது, அவனுக்கும் யாரையும் பிடிக்காது. ஆனாலும் அந்த வீட்டை விட்டால் அவனுக்குப் போக்கிடம் இல்லை. ஆறாம் பருவத்தில் ஆணிவேர் தொட்டது இது ஒன்றுதான். அதையும் கடைசியில் கார்சனுக்குக் கை நடுங்கத் தொடங்கியதை வைத்துப் பதவி உயர்வாக மாற்றிவிட்டார்கள்.

மற்றது காலைச் சாப்பாட்டு மேசை. ஈடித்துக்கு ஒரு வரன் வந்திருக்கிறான், பெர்டி. எதிர்பாராமல் மார்க்விஸ் பட்டமும் சேர்ந்துவிட்டது. மாரிகோல்ட் தன் மகள் என்பதை ஈடித் அவனிடம் இன்னும் சொல்லவில்லை. மேரிக்கோ தன் காதலன் ஹென்றி கைநழுவிப்போன எரிச்சல். ரொட்டிக்கு வெண்ணெய் தடவும் குரலில், ஈடித்தின் கடந்த காலத்தை ஏற்றுக்கொண்டீர்களே, உங்களைப் பாராட்ட வேண்டும் என்கிறாள் பெர்டியிடம். அவ்வளவுதான். கத்தி எடுக்கவில்லை, குரல் உயரவில்லை. தங்கையின் கல்யாணம் தட்டிலேயே செத்துக் கிடக்கிறது. பிறகு மேரியின் அறைக்குப் போய் ஈடித் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டும்போது, ஐந்து பருவமாக நாமெல்லாம் அடக்கி வைத்திருந்தது வெளியே வருகிறது. டவுன்டன் அபியை நாம் பார்த்தது இதற்குத்தானே? ஆனால் கடைசி அத்தியாயத்தில் மேரியே பெர்டியை லண்டன் ரிட்ஸ் விடுதிக்கு வரவழைத்துச் சேர்த்து வைத்துவிடுகிறாள். மறுபடியும் பாயசம்.

மேரியின் கல்யாணத்தையும் சொல்லி முடிக்கலாம். ஹென்றி டால்பட் கார்ப் பந்தயக்காரர். மேத்யூ செத்ததும் காரில். புரூக்லண்ட்ஸ் பந்தயத்தில் ஹென்றியின் நண்பர் செத்ததும் காரில். இந்த மனுஷனைக் கட்டமாட்டேன் என்று அவள் அஞ்சியதற்கு நியாயம் இருந்தது. அந்த அச்சத்தை வைத்தே ஒரு பருவம் ஓட்டியிருக்கலாம். ஆனால் பாட்டி ஒரு முறை பேசினார், மைத்துனன் டாம் பல முறை பேசினான், அவள் சரி என்றாள். ஹென்றியோ திருமண உரிமச் சீட்டை முன்கூட்டியே வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். பந்தயத்தையும் விட்டுவிட்டு டாமோடு சேர்ந்து கார் விற்கும் கடை போட்டார். ஆபத்தும் போயிற்று, ஆளும் சாதுவாகிவிட்டார். அந்தக் காதலில் பார்ப்பதற்கு அப்புறம் என்ன இருக்கிறது?

அது கடைசிப் பருவம்தான், கடைசி அல்ல. 2019இல் ஒரு திரைப்படம் வந்தது. ஹென்றி முடிவில் எட்டிப்பார்த்தார். 2022 படத்தில் ஆளையே காணோம், எங்கோ காரோடு போயிருக்கிறார் என்றார்கள். 2025இல் ‘மாபெரும் முடிவு’ என்றே பெயர் சூட்டி மூன்றாவது படம் வந்தது. கதை 1930இல் நடக்கிறது. மேரிக்கும் ஹென்றிக்கும் விவாகரத்து. மணவிலக்கான பெண் என்று லண்டன் விருந்து ஒன்றிலிருந்தே அவளை வெளியேற்றுகிறார்கள். ஆறாம் பருவத்தில் அவசரமாகப் போட்ட சுபத்தைப் பத்தாண்டு கழித்து ஃபெலோஸே ரப்பர் வைத்து அழித்துவிட்டார். ரசிகர்கள் முகத்தில் நெடுநாள் கழித்து ஒரு தெளிவு வந்தது, வீட்டில் பிரச்சினை! அந்த உரிமச் சீட்டுக்கு ஹென்றி கட்டிய கட்டணத்தை யார்க்‌ஷயர்த் திருச்சபை திருப்பித் தருமா என்பது சட்டவியலார் துறை. சுபவியலில் அதற்குச் சூத்திரம் இல்லை.