வண்டி எங்கீங்க?

கோயம்புத்தூரில் ஆவாரம்பாளையத்திலோ கணபதியிலோ குறிச்சி சிட்கோவிலோ ஒரு பட்டறை இருக்கும். நாலு லேத், ஒரு மில்லிங், மூலையில் தவணை இன்னும் முடியாத ஒரு சிஎன்சி. சுவரில் ஈச்சனாரி விநாயகர், பக்கத்தில் முதலாளியின் அப்பா, இருவருக்கும் நடுவில் மின்வாரிய அட்டை. முதலாளிக்கு ஐம்பத்தைந்து வயது. வெள்ளைச் சட்டைப் பையில், மற்றவர்கள் பேனா குத்துகிற இடத்தில், இவருக்கு வெர்னியர் காலிப்பர். கல்யாணப் பந்தியில் வைத்த மைசூர்பாகின் கனத்தை அதை வைத்து அளந்து, "போன முகூர்த்தத்துக்கு இப்ப ரெண்டு எம்எம் கொறச்சலுங்க" என்று சமையல்காரரிடம் சொன்னதாகப் பட்டறைப் பையன்களிடையே ஒரு கதை உலவுகிறது. நம்பலாம்.

இவருடைய வேதம் ஒரே வரி: "கழட்டிப் பாத்தாத் தெரிஞ்சுபோகுது." திருப்பூர் பனியன் கம்பெனியில் பல் உடைந்த கியர், பொள்ளாச்சி தென்னைநார் மில்லில் வளைந்த ஷாஃப்ட், திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து போடும் பேர் தெரியாத இரும்பு, எதுவானாலும் ராத்திரி வாங்கி வைத்து விடிவதற்குள் கடைந்து கொடுத்துவிடுவார். "பார்ட் இல்லீங்க" என்று இவர் யாரிடமும் சொன்னதில்லை. அடுத்தவர் சொல்லிக் கேட்டதும் இல்லை, புதுக் கார் வாங்கும் வரைக்கும்.

வாங்கியது எலக்ட்ரிக் கார். "மோட்டார் செய்யற ஊர்ல பொறந்துபோட்டு பெட்ரோலுக்கு எதுக்குங்க அழுவோணும்?" என்றார். மகன் கலர் பார்த்தான். வீட்டம்மா டிக்கியில் தேங்காய் மூட்டை போகுமா என்று பார்த்தார். இவர் ஷோரூம் தரையில் வேட்டியோடு படுத்து அடியில் பார்த்தார். ஆர்டிஓ ஆபீசில் ஃபேன்ஸி நம்பருக்குக் கட்டிய தொகைக்கு இவருடைய அப்பா அந்தக் காலத்தில் கிணற்றோடு ஒரு தோட்டம் கிரயம் பண்ணியிருப்பார். ஈச்சனாரியில் பூஜை, சக்கரத்துக்கு ஒன்றாக நாலு எலுமிச்சை, கண்ணாடியில் சந்தனப் பொட்டு. அந்தப் பொட்டு காய்ந்து உதிர்வதற்குள் அவினாசி ரோட்டில் ஒரு யூ-டர்னில், பாதி திரும்பிய நிலையில், வண்டி நின்றுவிட்டது. போகிறவனுக்கும் வழியில்லை, வருகிறவனுக்கும் வழியில்லை. அத்தனை பேரும் ஹாரன் அடித்தார்கள். அந்த நிலைமையிலும் எது ரூட்ஸ் ஹாரன், எது வெளியூர் ஹாரன் என்று இவர் காது பிரித்துக்கொண்டிருந்தது. ரூட்ஸ் நம் ஊர்க் கம்பெனி. திட்டு வாங்கினாலும் உள்ளூர்ச் சரக்கில் வாங்குவதில் ஒரு திருப்தி.

வியாதி என்னவென்று சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரை மாட்டிச் சொன்னார்கள். வண்டியின் அடிவயிறு முழுக்கப் பெரிய பேட்டரி. ஊட்டிக்குப் போய் வருகிற அளவு கரண்ட் அதில் கிடக்கிறது. ஆனால் கதவு திறக்கவும் திரை எரியவும் உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர்கள் கண் விழிக்கவும் வேண்டியது பழைய காலத்து 12 வோல்ட் சின்ன பேட்டரி. பெரியதிலிருந்து சின்னதுக்குக் கரண்டை இறக்கிக் கொடுக்க நடுவில் ஒரு பெட்டி இருக்கிறது. அந்தப் பெட்டி போய்விட்டது. பெட்டி போனதால் சின்னது செத்தது, சின்னது செத்ததால் பெரியது எழுந்திருக்கவில்லை. "குதிரு நெறைய நெல்லு கெடக்குது, கும்பாவுல சோறில்லைங்கறான்" என்று வீட்டுக்கு வந்து சொன்னார்.

உலகத்துக்கு இது புது வியாதி இல்லை. 2024 ஜூனில் ஹூண்டாய் கம்பெனி இந்தியாவில் விற்ற ஐயோனிக் 5 கார்களில் 1,744 வண்டிகளை இதே மாதிரி ஒரு பெட்டிக்காகத் திரும்ப அழைத்தது. அமெரிக்காவிலும் அதே வருடம் அழைத்தார்கள். இவருடைய வண்டி வேறு கம்பெனி, வேறு ஜாதகம். ஆனாலும் பெங்களூரில் இருக்கிற மகன் ஆறுதலுக்காக அந்தச் செய்தியை அனுப்ப, இவர் படித்துவிட்டுக் கூடுதலாக நொந்துபோனார். "அவிங்களயெல்லாம் ஒட்டுக்காக் கூப்புட்டுப் பாத்திருக்கறான். நம்முளுது மட்டும் ஒண்டியா நிக்குது."

பழுதாவது பரவாயில்லை. கை வைக்கக் கூடாது என்பதுதான் இவரைக் கொன்றது. கை வைத்தால் வாரண்டி போய்விடும். இந்த ஊரில் பிறந்த ஒருவரிடம் போய் இதைச் சொல்லலாமா? கலங்கல் கிராமத்து ஜி.டி. நாயுடு ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் 300 ரூபாய் கொடுத்து ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளை வாங்கினார் என்பது இங்கே குழந்தைகளுக்கும் தெரிந்த கதை. வாங்கி என்ன செய்தார்? அக்கக்காகக் கழற்றினார். அந்தக் கழற்றலில் தொடங்கித்தான் 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே அவருடைய பஸ், 1937-ல் இந்தியாவின் முதல் மின்மோட்டார் என்று ஊர் பெருமைப்படும் மோட்டார், 2025 அக்டோபரில் அவர் பெயரிலேயே அவினாசி ரோட்டில் 10.1 கிலோமீட்டர் மேம்பாலம். அந்த மோட்டார் சைக்கிளின் மேல் மட்டும் 'அனுமதியின்றித் திறந்தால் வாரண்டி செல்லாது' என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் இன்றைக்கு இந்த ஊரில் பருத்தியும் சோளமும்தான் இருந்திருக்கும் என்று, மேம்பாலத்துக்கு அடியில் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் போகும்போது இவர் யோசிக்கிறார். எக்ஸ்எல் ஒரே மிதியில் ஸ்டார்ட் ஆனது. அது வேறு கோபம்.

சரி, வாரண்டி போனால் போகட்டும் என்று திறந்தாலாவது ஆகுமா? அதுவும் ஆகாது. இந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் அதே பெட்டியை இன்னொரு வண்டியிலிருந்து கழற்றி மாட்டினாலும் வேலை செய்யாது. சேசிஸ் நம்பரைச் சொல்லி, கம்பெனியின் கம்ப்யூட்டரோடு இணைத்து, அங்கிருந்து சம்மதம் வாங்க வேண்டும். ஆவாரம்பாளையத்தில் எதை வேண்டுமானாலும் கடையலாம், சம்மதத்தை எந்த லேத்தில் கடைவது?

எனவே தினமும் காலையில் சர்வீஸ் சென்டருக்குப் போன்.

"தம்பி, பார்ட் வந்துருச்சுங்களா?"

"வந்துட்டே இருக்குதுங்க சார்."

"எங்கிருந்துங்க தம்பி வருது?"

"மேல இருந்துங்க சார்."

மேலே என்றால் சென்னையா, புனேயா, கடல் தாண்டியா என்று அந்தத் தம்பிக்கே தெரியாது. இவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் ஆஸ்பெஸ்டாஸ் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

வெளியூர்க்காரர்களுக்கு இவர் கோபத்தின் அளவு பிடிபடாது. மற்ற ஊரில் கோபம் ஏற ஏற மரியாதை குறையும். இங்கே கூடும். "என்னங்க தம்பி" என்றால் சாதாரணம். "ஏனுங்க தம்பி, நீங்க படிச்சவீங்க, நான் பட்டறைக்காரனுங்க, எனக்கு ஒண்ணே ஒண்ணை மட்டும் வெளங்கற மாதிரி சொல்லிப்போடுங்க" என்று வந்துவிட்டால், அடுத்த படி வெட்டுக்குத்து. அந்தத் தம்பி மதுரைப் பக்கத்துப் பையன். சார் ரொம்பத் தங்கமானவர் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

இதற்கு நடுவில் ஆவணி முகூர்த்தம் வந்து சேர்ந்தது. கொங்கு நாட்டுக் கல்யாண மண்டபத்தில் ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர்கள், முதலில் கேட்பது சாப்பாடு ஆயிற்றா என்று இல்லை, "வண்டி எங்கீங்க?" என்றுதான். முதல் கல்யாணத்தில் "சர்வீசுக்கு உட்டிருக்குதுங்க" என்றார். வாங்கின சூட்டில் என்ன சர்வீஸ் என்று சம்பந்தி வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த கல்யாணத்தில் "பையன் பெங்களூர் எடுத்துட்டுப் போயிருக்கறானுங்க" என்றார். சொல்லி முடிப்பதற்கும், அந்தப் பையனே பஸ்ஸில் வந்த கசங்கலோடு "அப்பா, பந்தி எந்தப் பக்கமுங்க?" என்று எதிரில் வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது. அதற்குப் பிறகு மொய்யை மட்டும் கொடுத்தனுப்பிவிட்டு வீட்டில் இருந்துகொண்டார்.

ஆலோசனைக்குக் குறைவில்லை. நஞ்சப்பா ரோட்டில் கிடைக்காத ஸ்பேரே இல்லை என்றார் ஒருவர். கடை கடையாக ஏறினார். பார்ட் நம்பரைப் படித்துவிட்டு, "இது ஸ்பேருங்களா, பேங்க் அக்கவுண்ட்டுங்களா?" என்று கேட்டு அனுப்பினார்கள். பங்காளி முறையில் ஒரு வக்கீல். "கேசு போட்டுப் புது வண்டியே வாங்கிப்போடலாமுங்களா?" என்றார் இவர். வக்கீல் நேர்மையானவர், உண்மையைச் சொன்னார். 50 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம், தாமதத்துக்கு நஷ்டஈடும் கேட்கலாம். ஆனால் 2006-லேயே உச்ச நீதிமன்றம் ஒரு கார் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. பழுதான பார்ட்டை மாற்றித் தருவதாக வாரண்டியில் எழுதியிருந்தால் அதன்படி கேட்கக்கூடியது பார்ட்டைத்தான், வண்டியை இல்லை.

"நானும் பார்ட்டத்தானுங்களே கேட்டுட்டு இருக்கறேன்" என்றார் இவர்.

இவருடைய அம்மாவுக்குச் சிவன்மலை மேல்தான் நம்பிக்கை. காங்கயம் பக்கத்துச் சிவன்மலை முருகன் கோயிலில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி இருக்கிறது. பக்தர் யாருடைய கனவிலாவது முருகன் வந்து ஒரு பொருளைச் சொன்னால், பூ கேட்டு உத்தரவானதும் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூஜை செய்வார்கள். அந்தப் பொருள் நாட்டில் ஏதோ ஒரு விதத்தில் பேச்சாகும் என்பது சனங்களின் நம்பிக்கை. "உன்ற கனவுல ஏதாச்சும் வந்துச்சா சாமி?" என்று அம்மா கேட்டார். "வந்துச்சும்மா. பொட்டி நல்லாத் தெரிஞ்சுது. பார்ட் நம்பர்தான் சரியாத் தெரியலை."

சாயங்காலமானால் சர்வீஸ் சென்டருக்குப் போய் வண்டியைப் பார்த்துவிட்டு வருவது வழக்கமாயிற்று. யார்டின் ஓரத்தில் வேப்பமரத்துக்குக் கீழே ஃபேன்ஸி நம்பரோடு தூசி படிந்து நிற்கும். கையோடு கொண்டுபோன துணியால் துடைப்பார். வாட்ச்மேன் இவருக்காக ஒரு ஸ்டூல் எடுத்துப் போட்டுவைத்தார். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாளில்தான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. வண்டி கழுவுகிற பம்பின் மோட்டார், சுற்ற மாட்டாமல் உறுமிக்கொண்டிருந்தது. பையன்கள் சுற்றி நின்று சுவிட்சைப் போட்டும் அணைத்தும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கெப்பாசிட்டர் போயிருச்சுங்க. பேரிங்கும் சத்தம் குடுக்குது" என்றார், ஸ்டூலிலிருந்து எழாமலே.

"கம்பெனிக்குச் சொல்லியிருக்கோமுங்க சார், ஆள் வரணும்."

இவர் எழுந்தார். குரல் கொஞ்சம் நடுங்கியது. "தம்பி... இந்த மோட்டாருக்கு வாரண்டி இருக்குதுங்களா?"

"அதெல்லாம் எப்பவோ முடிஞ்சுபோச்சுங்க சார்."

அந்த முகத்தைப் பார்த்தவர்கள், கும்பாபிஷேகத்தன்றுகூட இவர் அப்படிச் சிரித்ததில்லை என்கிறார்கள். சட்டையைக் கழற்றி ஸ்டூலில் போட்டார். பட்டறைக்குப் போன் போட்டு ஒரு பையனை கெப்பாசிட்டரும் பேரிங்கும் புல்லரும் எடுத்துவரச் சொன்னார். இருட்டுவதற்குள் மோட்டார் ஓடியது. மேனேஜர் கீழே இறங்கி வந்து காப்பி கொடுத்தார். அடுத்த வாரம் ஏர் கம்ப்ரசர் மக்கர் செய்தது. பிறகு லிஃப்டில் எண்ணெய் கசிந்தது. இப்போது காலையில் போன் அந்தப் பக்கத்திலிருந்து வர ஆரம்பித்தது.

"சார், வர்றீங்களா?"

"வந்துட்டே இருக்கறனுங்க தம்பி."

இவர் அப்படிச் சொன்னால் நிஜமாகவே வழியில் இருக்கிறார் என்று அர்த்தம். சர்வீஸ் சென்டரில் நின்றுபோனது அத்தனையும் இவர் கையால் ஓடத் தொடங்கியபின், அங்கே ஓடாமல் நின்றது இவர் கார் ஒன்றுதான்.

கடைசியில், ஐப்பசி மழைக்கு நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை பார்ட் வந்து, மாட்டி, மேலிடத்துச் சம்மதமும் கிடைத்துவிட்டது. தம்பி சந்தோஷத்தில் மூச்சு வாங்கக் கூப்பிட்டான்.

"சார், வண்டி ரெடி. இன்னிக்கே எடுத்துக்கலாமுங்க!"

"செவ்வாக்கெழமைங்களே தம்பி."

"அப்ப நாளைக்குங்க சார்?"

"அஷ்டமிங்க."

"வியாழக்கிழமை?"

"நவமிங்களே. வெள்ளிக்கெழமை பத்தரைக்கு ராகுகாலம் ஆரம்பிக்குது, அதுக்குள்ள வந்தர்றனுங்க."

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கே எலுமிச்சம்பழத்தோடு வந்துவிட்டார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், ஸ்டார்ட் செய்து பார்த்தார், அணைத்தார். பிறகுதான் மேஜைமேல் இருந்த பழைய பெட்டி கண்ணில் பட்டது. அலுமினியக் கூடு. வார்ப்பு சுத்தமாக இருந்தது.

"அதைச் சித்தெ குடுங்க தம்பி. கழட்டிப் பாத்துட்டுச் சாயங்காலம் கொண்டாந்து தந்தர்றேன்."

"ஐயோ சார், வாரண்டில மாத்துனா பழசு கம்பெனிக்கு ரிட்டன் போகணுங்க. சீல் உடையக் கூடாது."

இவர் ஒன்றும் பேசவில்லை. தொகை பூஜ்யம் என்று அச்சடித்த பில்லை எடுத்துவரத் தம்பி உள்ளே போனான். சட்டைப் பையிலிருந்து வெர்னியர் வெளியே வந்தது. நீளம், அகலம், கனம், ஒரு போல்ட் ஓட்டைக்கும் அடுத்த ஓட்டைக்கும் நடுவே எவ்வளவு, கனெக்டருக்கு எத்தனை பின். கையில் வேறு காகிதம் இல்லாததால் ஈச்சனாரி அர்ச்சனைச் சீட்டின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். தம்பி திரும்பி வந்தபோது சீட்டு மடிந்து பைக்குள் போயிருந்தது. பில்லில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, ரொம்பச் சாவகாசமாகக் கேட்டார்.

"இந்த வண்டிக்கு வாரண்டி எப்பங்க தம்பி முடியுது?"