தென்கிழக்கைப் பார்த்த கம்பம்

பத்திரம் முடிந்த மறுநாள் காலையில் நான் முதலில் ஏறிப் பார்த்தது மொட்டைமாடியைத்தான். தூத்துக்குடியில் கடலுக்குப் பக்கத்துத் தெரு, காரை வீடு. மாடியில் கால் வைக்க இடமில்லை. நடுவில் இரண்டு ஜி.ஐ. பைப்பை ஒன்றன்மேல் ஒன்று சேர்த்த நாற்பதடிக் கம்பம், அதை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பிகள். கம்பத்தின் உச்சியில் ஓர் ஆன்டெனா, பாதி உயரத்தில் வேறு பக்கம் பார்த்தபடி இன்னொன்று. மூலையில் எட்டடி வலை டிஷ். கைப்பிடிச் சுவரில் இரண்டு சின்ன டிஷ்கள்.

பழைய இரும்புக்காரர் கீழே நின்றே கணக்குப் போட்டுவிட்டார். “அலுமினியம் தனி வெலை, இரும்பு தனி வெலை அண்ணாச்சி. நாங்களே இறக்கிக்கிடுதோம்.” ஒரு வாரம் பொறுத்து வரச் சொன்னேன். அந்தக் கம்பத்தைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அதுபோன்ற ஒன்றைத் திருப்பித் திருப்பியே என் உள்ளங்கை காய்த்திருக்கிறது.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒரே ஒரு டி.வி. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்றே தொடங்கிவிட்டது. ஆனால் அது எங்கள் ஊரை எட்டவில்லை. எங்களுக்கு முதலில் படம் காட்டியது கடலுக்கு அந்தப் பக்கம். 1982 பிப்ரவரி 15 அன்று ஜப்பான் அரசின் உதவியோடு இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியது. அந்தத் தீவின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையிலிருந்து, 2,524 மீட்டர் உயரத்திலிருந்து வந்த அலை, மன்னார் வளைகுடாவைத் தாண்டி எங்கள் தெருவில் இறங்கியது. நேர்கோட்டில் சுமார் 350 கிலோமீட்டர். பூமியின் வளைவைக் கணக்கில் கொண்டால் அந்த உயரத்திலிருந்துகூட அவ்வளவு தூரம் எட்டக் கூடாது. கடல்மேல் வெப்பக் காற்றும் குளிர்ந்த காற்றும் அடுக்கடுக்காக நிற்கும் நாட்களில் அலை அந்த அடுக்குக்குள் வளைந்து ஓடிவரும். அதனால்தான் ஒருநாள் கண்ணாடிபோலத் தெரியும் படம், மறுநாள் வெறும் புள்ளியாக இரையும். எங்களுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. “இன்னைக்குக் காத்து சரியில்ல” என்போம். இப்போது யோசித்தால், அது பெரும்பாலும் சரியான விளக்கம்தான்.

படம் மங்கினால் ஒருவர் மாடியில், ஒருவர் படிக்கட்டில், ஒருவர் டி.வி. முன்னால். நான் மாடியில் கம்பத்தைக் கட்டிப்பிடித்துத் திருப்புவேன். “தெரியுதா?” என்பேன். படிக்கட்டில் நிற்பவன் அதை உள்ளே சொல்வான். “இல்ல… கொஞ்சம்… ஆங், வுட்டுராத, அப்படியே நில்லு!” என்று பதில் வரும். அப்படியே நின்றிருக்கிறேன். கீழே எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்குத் தெரிந்தது கடலும், துறைமுகத்துக் கலங்கரை விளக்கும், கைச் சில்லிப்பும்தான். அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

இந்த வீட்டுக் கம்பத்தை அசைக்குமுன் கைப்பேசியின் திசைகாட்டியை வைத்துப் பார்த்தேன். உச்சி ஆன்டெனா பார்த்தது தென்கிழக்கு. வடக்கிலிருந்து 120 பாகைக்குச் சற்று மேல். வரைபடத்தில் அந்தத் திசையில் கோடு இழுத்தேன். கடலைக் கடந்து சிலாபத்துக்குப் பக்கத்தில் கரையேறி நேராக நுவரெலியா மலைகளுக்குப் போனது.

ஆட்களை வைத்துக் கம்பத்தை இறக்கி ஆன்டெனாவைத் தரையில் கிடத்தினேன். உப்புக்காற்றில் அலுமினியம் முழுக்க வெள்ளைப் பூத்துக் குழிகுழியாக அரித்திருந்தது. ஒயர் மாட்டும் பிளாஸ்டிக் பெட்டி தொட்டதும் தூளானது. உள்ளே இரண்டு திருகாணிகளிலும் அந்தக் காலத்துப் பட்டை ஒயரின் நுனி மட்டும் பச்சைக் களிம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஜப்பானில் யாகியும் உடாவும் 1926-இல் உலகுக்குச் சொன்ன அதே அமைப்பு. நீளமான தடி இருக்கும் பக்கம் முதுகு, குட்டையான தடிகள் வரிசையாக இருக்கும் பக்கம் முகம். முகம் எங்கே பார்க்கிறதோ அங்கிருந்துதான் அந்த வீட்டுக்குப் படம் வந்திருக்கிறது. நடுவில் மடித்த தடியை அளந்தேன்: 79 சென்டிமீட்டர். வினாடிக்கு 18 கோடி முறை துடிக்கும் அலையின் நீளம் 1.67 மீட்டர், தடியை அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைத்து வெட்டுவார்கள். டி.வி.க்கு ஒதுக்கிய மூன்றாம் பட்டைக்கென்றே அளந்து வெட்டியது அது. செய்தவர் யாரோ, கை நேர்த்தியானவர்.

எனக்கு விளங்காதது உயரம்தான். எங்கள் தெருவில் இருபது இருபத்தைந்து அடியில் எல்லோரும் நிறுத்திக்கொண்டார்கள். இங்கே ஏன் நாற்பது? பக்கத்து வீட்டு ஆச்சியிடம் கேட்டேன். எண்பதைத் தாண்டியவர்.

“அந்த வீட்டுக்காரிக்காவ நட்டது தம்பி. அவ பொறந்தது கொழும்புல, கொட்டாஞ்சேனையில. இங்க வாக்கப்பட்டு வந்தவ. அவ அண்ணன் அங்க கடை வச்சிருந்தாரு.”

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து கடிதம் நின்றுபோனது. தோணியில் வந்தவர்களிடம் விசாரித்தும் ஒரு தகவலும் இல்லை. வீட்டுக்காரர் கம்பத்தின்மேல் இன்னொரு பைப்பை ஏற்றிப் பூஸ்டரும் மாட்டினாராம். அந்த அம்மா தினமும் சாயங்காலம் டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுவார். தமிழ்ச் செய்தி முடிந்து சிங்களம் வந்தாலும் எழுந்திருக்க மாட்டார்.

“தெருவைக் காட்டுனாமட்டும் எந்திச்சிக் கிட்டப் போயி நிப்பா. மூக்கு கண்ணாடியில இடிக்கிற மாதிரி. அந்தக் கடைய எங்கியாவது காட்ட மாட்டானான்னு.”

“காட்டினாங்களா ஆச்சி?”

“எங்க காட்டுனான்? தை மாசம் கடுதாசிதான் வந்துச்சு. கடை போச்சு, ஆளு தப்பிச்சிட்டாருன்னு.”

நாங்கள் வேடிக்கை பார்த்த அதே ரூபவாஹினியை நாலு தெரு தள்ளி ஒருவர் இப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது நாற்பது ஆண்டுகள் கழித்து எனக்குத் தெரிகிறது.

மற்றவை எளிது. பாதி உயரத்து ஆன்டெனா வடமேற்கைப் பார்த்தது, அதாவது கொடைக்கானல். அங்கிருந்து தூர்தர்ஷன் ஒளிபரப்பு வந்தபிறகுதான் வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’, ஞாயிறு காலை ‘மகாபாரதம்’ என்று வீடுகள் மெல்லத் திரும்பின. வலை டிஷ் 90-களின் கேபிள் காலத்தது. ஏழு சென்டிமீட்டர் அலைக்கு வலையின் சின்ன ஓட்டை ஒரு பொருட்டே இல்லை. அது தகடாகவே தெரியும். காற்று மட்டும் ஊடே போகும், அதனால் புயலிலும் நின்றது. நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டரில் நிற்கும் செயற்கைக்கோளைப் பார்க்க வேண்டும், நாமோ நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். அதனால் நம் ஊர் டிஷ்கள் எல்லாம் அண்ணாந்தேதான் கிடக்கும். கேபிள்காரர் காலி செய்துபோன பிறகு அதில் மோர்மிளகாயும் வற்றலும் காயப்போட்டதாக ஆச்சி சொன்னார். சின்ன டிஷ்கள் 2000-க்குப் பிறகு வந்தவை, அறுபது சென்டிமீட்டர். அவற்றை எங்கும் பார்க்கலாம்.

இப்போது எனக்கு இணையம் வருவது கண்ணாடி இழையில். சுவரில் ஒரு துளை, அவ்வளவுதான். மாடியில் யாரும் ஏற வேண்டியதில்லை. சிலாபத்துத் தெருவையோ கொட்டாஞ்சேனைத் தெருவையோ கைப்பேசியில் இந்த நிமிஷமே பார்க்கலாம். அந்த அம்மா வேண்டியது அதுதான். அது வந்து சேர்ந்தபோது அவர் இல்லை. தூர்தர்ஷனின் பழைய தரைவழி ஒளிபரப்பும் 2022-க்குள் பெரும்பாலான ஊர்களில் நின்றுவிட்டது. 

இரும்புக்காரர் சொன்னபடி வந்தார். டிஷ்களையும் வடமேற்கு ஆன்டெனாவையும் எடைக்குப் போட்டேன். உச்சி ஆன்டெனாவைத் தேய்த்துக் கழுவி, புதுக் கிளாம்ப் போட்டு, எட்டடிக் குழாய் ஒன்றில் பழைய திசைக்கே திருப்பி நிறுத்தியிருக்கிறேன். ஆச்சி கம்பை ஊன்றி மேலேறி வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கடல் பக்கம் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

பழைய வீடு வாங்குகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மாடியில் நிற்பதை எடைக்குப் போடுமுன் அதன் முகம் எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பக்கத்து வீட்டில் வயதானவர் யாராவது இருந்தால், ஏன் அந்தப் பக்கம் என்று கேளுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.